மேசைமேல் கோச்சி – 9: மூன்று மில்லிமீட்டர்ப் பிடிவாதம்

சென்ற வாரம் கதையை அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், ஹேகர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் நிறுத்தியிருந்தோம். ஆண்டு 1945. ஹால் ஜோய்ஸ் என்பவர் ஓர் அடியை ஓர் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினார். நூற்றிருபதில் ஒன்று.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் தண்டவாளங்களுக்கு நடுவே 4 அடி 8½ அங்குலம். அதை 120ஆல் வகுத்தால் 12 மில்லிமீட்டர், மயிரிழை குறைய. சாப்பாட்டு மேசைக்குள் ஒரு முழு ரயில்பாதை அடங்கிவிடும் என்பதால் ‘டேபிள் டொப்’ என்று பெயர். சுருக்கமாக டிடி.

ஜோய்ஸின் கணக்கில் ஒரு நேர்மை இருந்தது. எஞ்சின், பெட்டி, தண்டவாளம், நிலையத்தில் காத்து நிற்கும் மனிதன் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கின. அந்த நேர்மை பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கடல் கடந்தபோது என்ன ஆனது என்பதே இந்த வாரக் கதை.

* * *

அதற்கு முன் ஒரு சின்ன வழக்கு.

போன கிழமை கொழும்புத்துறைத் துறையடியில், இந்தத் தொடரைப் படித்துவரும் பெரியவர் ஒருவர் என்னை மறித்தார்.

“தம்பி, உந்தச் சின்னக் கோச்சிக்கெல்லாம் ஒரு வரலாறோ?”

“ஓம் ஐயா.”

“பெரிய கோச்சியே எங்களுக்கு இருபத்திநாலு வரியம் வரேல்லை. முதல்லை அதை எழுதுமன்.”

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சைக்கிளை உழக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்டது நியாயம். பெரிய கோச்சியின் கதையும் சின்னக் கோச்சியின் கதையும் ஒரே கோடையில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கிற இடம் ஒன்று உண்டு. இந்தப் பகுதி முடியுமுன் அங்கே போய்ச் சேர்வோம்.

* * *

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வளவில் ஓடிய ரயில் நெருப்புப்பெட்டிகளால் ஆனது. நூலால் கோத்த ஆறு பெட்டிகள், சேட்டுப் பொத்தான்கள்தான் சில்லு. புங்கன்குளம் நிலையத்தில் கண்டுவந்த யாழ்தேவி என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தேன்.

அயல்வீட்டுப் பெடியனிடம் மீன்டின்னில் செய்த எஞ்சின் இருந்தது. சோடா மூடிச் சில்லு. உருட்டினால் நன்றாக ஓடும். இரண்டையும் சேர்த்தால் உலகத்திலேயே நீளமான ரயில் என்று திட்டமிட்டோம்.

சேரவில்லை. அவனுடைய கொழுக்கி என் பெட்டிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. எப்படியோ கட்டி இழுத்தபோது என் யாழ்தேவி மாட்டுக்குப் பின்னால் போகும் ஆட்டுக்குட்டிபோல இழுபட்டது. “உன்ரை கோச்சி சரியில்லையடா” என்றான் அவன். அவனுடையதுதான் சரியில்லை என்றேன் நான். இரண்டு நாள் கதையில்லை.

இரண்டிலும் பிழையில்லை. நாங்கள் அளவைப் பேசி முடிவெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மாதிரி ரயிலில் விகிதம் என்பது ஓர் உடன்படிக்கை. ஒருவன் எஞ்சின் செய்கிறான், இன்னொருவன் தண்டவாளம் செய்கிறான், மூன்றாமவன் வீடும் மரமும் மனிதர்களும் செய்கிறான். ஒருவரை ஒருவர் கண்டிருக்கமாட்டார்கள். மூவரும் ஒரே எண்ணுக்குக் கட்டுப்பட்டால் ஓர் ஊர் உருவாகிறது. ஒருவன் கையை விரித்தால், மற்ற இருவரின் சாமான்களும் தட்டிலேயே கிடந்து தூசி பிடிக்கும்.

* * *

மார்கேற், 1957

இங்கிலாந்தின் கென்ட் கரையோரத்தில் மார்கேற் ஓர் உல்லாசப் பட்டினம். அங்கே லைன்ஸ் பிரதர்ஸ் கொம்பனியின் கிளையான ரோவெக்ஸ் தொழிற்சாலை இருந்தது. அதன் விளையாட்டுப் பொருட்களின் வியாபாரப் பெயர் ட்ரை-ஆங். சகோதரர் மூவர், குடும்பப் பெயர் லைன்ஸ், அதாவது கோடுகள். மூன்று கோடு சேர்ந்தால் முக்கோணம். நம்மூர்க் கடைக்காரர்கூட இவ்வளவு யோசித்துப் பெயர்ப்பலகை எழுதியிருக்கமாட்டார்.

ஐம்பதுகளில் பிரித்தானியாவின் மேசைகளை ஆண்டது ஓஓ என்ற அளவு. ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். லைன்ஸ் சகோதரர்களே அதில் மலிவான பிளாஸ்டிக் ரயில்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆனால் போருக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் அறைகள் சிறியவை. 60 அடிப் பெட்டி ஒன்று ஓஓ அளவில் 24 சென்ரிமீட்டர். பத்துப் பெட்டி கோத்தால் எஞ்சினைச் சேர்க்காமலே 2.4 மீட்டர். அது நிற்பதற்கு ஒரு மேடை, திரும்புவதற்கு ஒரு வளைவு. கட்டிலை வெளியே போட்டால்தான் உண்டு.

ஆகவே 1957இல் அவர்கள் டிடியைக் கையில் எடுத்தார்கள். முதலில் வந்தது ‘ஜின்ரி’ என்று செல்லப்பெயர் கொண்ட ஒரு சின்னத் தள்ளு எஞ்சின். அடுத்து ‘விண்ட்சர் காசில்’ என்ற விரைவு எஞ்சின். தண்டவாள இடைவெளி 12 மில்லிமீட்டர், ஜோய்ஸ் சொன்ன அதே 12.

ஆனால் உடல்?

இங்கேதான் கதை திரும்புகிறது. அவர்கள் ஓர் அடிக்கு 3 மில்லிமீட்டர் என்று வைத்தார்கள். அது 120இல் ஒன்று அல்ல, ஏறத்தாழ 102இல் ஒன்று.

காரணம் வயிற்றுக்குள் இருந்தது. பிரித்தானியாவின் சுரங்கங்களும் பாலங்களும் ரயிலின் குழந்தைப் பருவத்தில் கட்டப்பட்டவை, ஒடுங்கியவை. அவற்றுக்குள் நுழைய வேண்டிய எஞ்சின்களும் ஐரோப்பிய எஞ்சின்களைவிட ஒல்லியானவை. எட்டரை அடி அகலமுள்ள எஞ்சினை 120ஆல் வகுத்தால் 21.6 மில்லிமீட்டர். ஓர் அடிக்கு 3 மில்லிமீட்டர் என்று வைத்தால் 25.5. அன்றைய மின்மோட்டாருக்கு அந்த நான்கு மில்லிமீட்டர் பெரிய இடம்.

முன்பும் இதே தந்திரம் நடந்ததை இத்தொடரில் பார்த்தோம். ஐரோப்பாவின் 16.5 மில்லிமீட்டர்த் தண்டவாளத்தின்மேல் பிரித்தானியர் உடலைக் கொஞ்சம் ஊதிப் பெருப்பித்து ஓஓ என்று பெயர் வைத்தார்கள். மார்கேற்றில் அந்தப் பழக்கம் திரும்பவும் வந்தது.

விளைவைக் கணக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். 3 மில்லிமீட்டர் ஓர் அடி என்றால், 12 மில்லிமீட்டர்த் தண்டவாளம் 4 அடிப் பாதை. எட்டரை அங்குலம் குறைவு. முன்னால் நின்று பார்த்தால், இடுப்பு அகன்ற ஒருவர் கால்களை ஒட்டவைத்துக்கொண்டு நடப்பதுபோல இருக்கும்.

குழந்தைகள் இதைக் கவனிக்கவில்லை. நான் அந்தக் கொம்பனியைக் குறை சொல்லமாட்டேன். மோட்டார் ஓடாத நேர்மையை வைத்து எந்தப் பிள்ளையின் பிறந்தநாளைக் கொண்டாடுவது? ஆனால் அந்த முடிவுக்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஓர் அளவு பிறந்தது. அமெரிக்க டிடி வீடுகளும் வண்டிகளும் அதற்குப் பொருந்தா. பொருத்தமானதைச் செய்யும் பெரிய தொழிற்சாலை உலகத்தில் ஒன்றே ஒன்று.

மீன்டின் எஞ்சின் அயல்வீட்டில்.

* * *

அதன் பிறகு சரிவு விரைவாக வந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஜேர்மனியின் நூரம்பேர்க்கில் ஆர்னோல்ட் கொம்பனி 160இல் ஒன்று என்ற அளவில் ரயில் விட்டது. தண்டவாளம் 9 மில்லிமீட்டர். இன்று ‘என்’ (N) அளவு என்று உலகம் அறிந்திருப்பது அது. இடம் இல்லாதவர்களுக்கு டிடியைவிடச் சின்னதாக ஒன்று கிடைத்துவிட்டது. இடம் உள்ளவர்களிடம் ஓஓ இருந்தது.

1964இல் லைன்ஸ் பிரதர்ஸ் தன் பெரும் போட்டியாளரான மெக்கானோவையும் அதன் ஹோர்ன்பி ரயில்களையும் விழுங்கியது. இப்போது அவர்கள் கையில் இரண்டு ஓஓ வரிசைகள். டிடிக்குக் கவனம் செலுத்த எவருக்கு நேரம்? விலைப்பட்டியலில் அது மெலிந்தது, பிறகு மறைந்தது.

அமெரிக்காவில் ஜோய்ஸின் தயாரிப்பும் அறுபதுகளின் இறுதியோடு நின்றது. மேற்கு ஜேர்மனியில் டிடி செய்த ரோகால் என்ற கொம்பனியும் அதே காலத்தில்தான் கடையைச் சாத்தியது. நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கமும் அடி.

* * *

1965

கைவிட்டது கொம்பனி. ஆனால் வாங்கியவர்கள் எட்டு ஆண்டுகளாக வாங்கியிருந்தார்கள். வீட்டில் தண்டவாளம் ஆணியடித்துக் கிடக்கிறது. மலை செய்து, சுரங்கம் குடைந்து, ஊருக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. எல்லாம் ஓர் அடிக்கு 3 மில்லிமீட்டர். இனி ஒரு சில்லு தேய்ந்தால் மாற்றுச் சில்லு கிடையாது.

இரண்டு வழி இருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு ஓஓவுக்கோ என்னுக்கோ போவது ஒன்று. பலர் போனார்கள்.

1965இல் மற்றவர்கள் கூடி 3 மில்லிமீட்டர் சங்கத்தை அமைத்தார்கள்.

அமெரிக்கப் படங்களில் வருவதுபோல யாரும் மேசையைத் தட்டி முழங்கியிருக்கமாட்டார்கள். இத்தகைய சங்கங்களின் வேலை சலிப்பானது. யாரிடம் என்ன இருக்கிறது என்று பட்டியல் போடுவது. பழைய எஞ்சின்களைக் கைமாற்றுவது. சில்லின் விளிம்பு எத்தனை மில்லிமீட்டர், கொழுக்கி எந்த உயரம் என்று அட்டவணை எழுதுவது. உறுப்பினருக்கென ஒரு பண்டகசாலை. ‘மிக்ஸ்ட் ட்ராஃபிக்’ என்று ஒரு சஞ்சிகை, அதாவது சரக்கும் பயணிகளும் கலந்து ஓடும் வண்டி. பித்தளைத் தகட்டிலும் வெள்ளீயத்திலும் வீட்டு மேசையில் உதிரிப்பாகம் வார்த்தவர்கள், தொழிற்சாலை விட்ட இடைவெளியைத் துண்டு துண்டாக நிரப்பினார்கள்.

இவற்றைவிட முக்கியமானது இன்னொன்று. அந்த எட்டரை அங்குலக் குறை.

உறுப்பினர்களில் கண் கூர்மையானவர்கள் அதைப் பொறுக்கவில்லை. 3 மில்லிமீட்டர் அளவுக்குச் சரியான பாதை 14.125 மில்லிமீட்டர். அதற்கு நெருக்கமாக 14.2 என்று வைத்துத் தாங்களே தண்டவாளம் கட்டினார்கள். இன்னும் சிலர் நடுவில் 13.5 என்றார்கள். பெரும்பாலோர் பழைய 12ஐ விடவில்லை.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையமாக இருந்தால் இதில் மூன்று சங்கம் உடைந்திருக்கும். தலைவர் மூவர், செயலாளர் மூவர், பொருளாளர் ஆறு.

அங்கே உடையவில்லை. உடல் மூன்று மில்லிமீட்டர், அதில் பேச்சில்லை. கால் உன் விருப்பம். பாதையின் அகலத்தைக் கழற்றி உறுப்பினரின் கையில் கொடுத்துவிட்டார்கள். அதனால் 12காரனுக்கு வார்த்த புகைபோக்கி 14.2காரனுக்கும் பொருந்தியது. 14.2காரன் கட்டிய நிலையத்தை 12காரன் வாங்கினான். சின்னக் கூட்டம் மூன்றாகப் பிரிந்திருந்தால் ஒன்றுகூடப் பிழைத்திருக்காது. உற்பத்தி நின்று அறுபது ஆண்டாகப் போகும் நிலையிலும் அந்தச் சங்கம் இருக்கிறது என்பதற்கு நான் காணும் காரணம் இதுதான்.

* * *

ஒரு பெருக்கல் கணக்கு

பாதையின் அகலம் உன் விருப்பம் என்ற அந்த விதியை வாசித்த இரவில் ஒரு கடதாசியை எடுத்துக் கணக்குப் போட்டேன். இதற்காகத்தான் இந்தத் தொடரில் ஒரு முழு வாரத்தை மூன்று மில்லிமீட்டருக்குக் கொடுத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இலங்கையின் ரயில்பாதை அகலம் 5 அடி 6 அங்குலம். இந்தியாவின் அகலப்பாதையும் அதே. உலகப் பொது அளவைவிட ஒன்பதரை அங்குலம் கூட.

இதனால் நம் ரயிலை மேசையில் ஓட்ட நினைப்பவனுக்கு எப்போதும் தலையிடி. கடையில் கிடைப்பது 16.5 மில்லிமீட்டர்த் தண்டவாளம், உலகத்தில் ஆகக் கூடுதலாக விற்பது. அதன்மேல் ஓஓ அளவில் யாழ்தேவி செய்தால் பாதை 4 அடி 1½ அங்குலத்துக்குச் சமம். பதினாறரை அங்குலம் காணாது. கொழும்புத் திட்டத்தின் கீழ் ஐம்பதுகளில் கனடா கொடுத்த எம்2 டீசல் எஞ்சின்களை நினைத்துப் பாருங்கள். கனடாவின் மாகாணப் பெயர்களைத் தாங்கி, வடபகுதிப் பாதையிலும் ஓடிய கனத்த உருவங்கள். அவற்றை அப்படி ஒடுங்கிய காலில் நிறுத்தினால் கண்ணுக்கு ஒவ்வாது. சரியான 22 மில்லிமீட்டரில் கட்டலாம்தான். தண்டவாளம், சில்லு, அச்சு எல்லாம் கையால் செய்யவேண்டும்.

இப்போது மூன்று மில்லிமீட்டரை எடுங்கள்.

ஐந்தரை அடி. ஓர் அடிக்கு மூன்று. ஐந்தரை மூன்று எவ்வளவு?

16.5.

தசமத்துக்குப் பிறகும் பிசகில்லை. பிரித்தானியன் தன் மோட்டாரை அடைக்க வழியில்லாமல் கண்டுபிடித்த அளவு, தன் பாதைக்கே பொருந்தாமல் போன அளவு, காங்கேசன்துறைப் பாதைக்கு அளவெடுத்துத் தைத்த சேட்டுப்போல உட்காருகிறது. உலகின் எந்தக் கடையிலும் கிடைக்கும் தண்டவாளத்தின்மேல், சரியான விகிதத்தில், யாழ்தேவி ஓடும். பத்துப் பெட்டிக்கு 1.8 மீட்டர். ஓஓ அளவில் 16 சதுர அடி கேட்கும் நிலையத்துக்கு இங்கே 9 சதுர அடி போதும்.

1956 ஏப்ரல் 23இல் யாழ்தேவி தன் முதல் ஓட்டத்தைத் தொடங்கியது. மார்கேற்றில் முதல் டிடி எஞ்சின் விற்பனைக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. இரண்டையும் ஒருவரும் சேர்த்துப் பார்த்திருக்கமாட்டார்கள். எஞ்சினின் உடலை வீட்டிலே செய்யவேண்டும், உண்மை. மீன்டின் வெட்டிப் பழகிய ஊருக்கு அது பெரிய காரியமா?

* * *

பேர்லினின் மறுபக்கம்

மேற்கில் டிடி சாகக் கிடந்தபோது கிழக்கில் அது நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

கிழக்கு பேர்லினில் சொய்க்கே, வெக்வேர்த் என்ற இருவரின் பெயரில் ஒரு கொம்பனி. ஐம்பதுகளின் பிற்பகுதியில் அது டிடிக்கு வந்தது. ஜேர்மன் எஞ்சின்கள் பருத்தவை, மோட்டார் உள்ளே போகும். ஆகவே ஜோய்ஸின் 120இல் ஒன்றை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். உடலும் காலும் ஒரே விகிதம்.

1972இல் கிழக்கு ஜேர்மன் அரசு எஞ்சியிருந்த தனியார் தொழிற்கூடங்களைச் சுவீகரித்தபோது இதுவும் போனது. பேர்லினர் டிடி பானென் என்ற மக்கள் உடைமை நிறுவனம் ஆனது. உரிமையாளர் மாறினார், அளவு மாறவில்லை. சிறிய அடுக்குமாடி வீடுகள். நத்தார் வந்தால் பரணில் இருந்து பலகை இறங்கும். தண்டவாளம் மேசையில் ஏறும்.

வேறு வழியில்லாமல் வாங்கினார்கள் என்று சிலர் எழுதுவார்கள். அது முழு உண்மையல்ல. அதே நாட்டில் பீக்கோ என்ற நிறுவனம் பெரிய அளவிலும் 160இல் ஒன்றிலும் ரயில் விற்றது. கடையில் மூன்று அளவும் இருந்தன. நடுவிலுள்ளதை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்தவர்கள் ஏராளம். அந்தப் பிள்ளை வளர்ந்து தன் பிள்ளைக்கு அதே பெட்டியைத் திறந்தது. பக்கத்துச் சோசலிச நாடுகளுக்கும் சரக்குப் போனது.

சந்தை என்ற ஒன்று இல்லாததால் ஓர் அளவு தப்பியது என்று சொல்லலாமா? பாதி சொல்லலாம். மேற்கில் ஒரு கொம்பனி தன் கணக்கைப் பார்த்து ஓர் அளவைக் கைவிட முடிந்தது. கிழக்கில் திட்டத்தில் எழுதினால் அது நடந்துகொண்டே இருக்கும், திட்டம் எழுதுகிறவர் இருக்கும்வரை.

* * *

1990, கோடை

1989 நவம்பரில் சுவர் திறந்தது. 1990 ஜூலை 1ஆம் திகதி கிழக்கு ஜேர்மனியின் பணம் போய் மேற்கின் மார்க் வந்தது. ஒரே இரவில் கடைத் தட்டுகள் மாறின. நாற்பது ஆண்டு கண்ணாடிக்கு அப்பால் பார்த்ததை வாங்கச் சனம் வரிசையில் நின்றது. உள்ளூர்ச் சாமானைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. கிழக்கு ஐரோப்பிய வாடிக்கையாளர்களிடம் புதிய மார்க்கில் கொடுக்கப் பணமும் இல்லை.

அதற்குப் பதினெட்டு நாள் முன்பு, ஜூன் 13ஆம் திகதி, யாழ்தேவி கடைசியாக யாழ்ப்பாணம் வந்துபோனது.

துறையடிப் பெரியவர் சொன்ன இருபத்திநாலு வருடம் அங்கேதான் தொடங்குகிறது. பிறகு தண்டவாளங்கள் பிடுங்கப்பட்டன. சிலிப்பர் கட்டைகள் பங்கர்களுக்குக் கூரையாயின. புங்கன்குளத்தில் பாதை இருந்த இடத்தில் பற்றை வளர்ந்தது. ரயிலைப் புத்தகப் படத்தில் மட்டும் கண்ட ஒரு தலைமுறை எங்கள் ஒழுங்கைகளில் ஓடி விளையாடியது. 2014 ஒக்டோபர் 13இல் மீண்டும் ரயில் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, அதைப் பார்க்கக் குழந்தைகளைத் தோளில் தூக்கி வந்த தகப்பன்மார் சிலருக்கும் அதுவே முதல் ரயில்.

பேர்லினில் பிடுங்குவதற்குத் தண்டவாளம் இல்லை. அச்சுகள் இருந்தன, வார்ப்புகள் இருந்தன, முப்பது ஆண்டு வேலை பழகிய கைகள் இருந்தன. வாங்க ஆள்தான் இல்லை. மேற்கின் பெரிய கொம்பனிகள் எவற்றுக்கும் 12 மில்லிமீட்டர் தேவைப்படவில்லை. மேற்கு அதை ஏற்கெனவே ஒருமுறை புதைத்திருந்தது.

தெற்கே, செக் எல்லையை ஒட்டிய மலைப்பாங்கில், செப்னிற்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே மாதிரித் தண்டவாளம் செய்வதில் பேர்பெற்ற ஒரு தொழிற்கூடம் இருந்தது. 1993இல் அதன் உரிமையாளர் பேர்லின் தொழிற்சாலையைக் கேட்டு வந்தார்.

எல்லோரும் விட்டோடிய ஓர் அளவில், தண்டவாளக்காரனுக்கு எஞ்சின் எதற்கு?

(தொடரும்)